காகிதக்கூழ் கோள் மாதிரிகள்

காகிதக்கூழ் கோள் மாதிரிகள் என்பவை பழைய தாள், பசை ஆகியவற்றைக் கொண்டு வீட்டிலேயே செய்யப்படும் சூரியக் குடும்பத்துக் கோள்களின் உருவங்கள் ஆகும். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து செய்வதற்கு ஏற்ற கைவினை இது. காகிதக்கூழைக் குறிக்கும் 'பப்பியே மாஷே' என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்கு 'மென்ற தாள்' என்பது பொருள்.

பின்னணி

ஊறவைத்த தாளுடன் வெந்தயத்தைச் சேர்த்து அரைத்து, பாத்திரத்தின் மீது அப்பி உலர்த்திக் கூடை செய்வது தமிழர் வீடுகளில் இருந்துவந்த வழக்கம். வெந்தயம் கூழைப் பிணைக்கிறது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் திருக்கனூர் காகிதக்கூழ் கைவினை புவிசார் குறியீடு பெற்றதாகும்.

அளவுகள்

பாடநூல் படங்களில் கோள்களின் அளவும் தொலைவும் ஒரே விகிதத்தில் அமைவதில்லை. பக்கத்தில் அதற்கு இடம் போதாது. மாதிரிகளில் இக்குறையை நீக்கலாம். புவியின் விட்டத்தை 2 செ.மீ. எனக் கொண்டால் பிற விட்டங்கள் பின்வருமாறு:

* புதன் - 0.8 செ.மீ.
* வெள்ளி - 1.9 செ.மீ.
* செவ்வாய் - 1.1 செ.மீ.
* வியாழன் - 22 செ.மீ.
* சனி - 19 செ.மீ.
* யுரேனசு - 8 செ.மீ.
* நெப்டியூன் - 7.8 செ.மீ.

சனியின் வளையத்தை 43 செ.மீ. விட்டமுள்ள அட்டையில், நடுவே 23 செ.மீ. துளையிட்டு வெட்டலாம். இதே அளவில் சூரியனின் விட்டம் சுமார் 2.2 மீட்டர் ஆகும். அதனை நல்லவாடு கடற்கரையில் வைத்தால், புவியை 235 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். நெப்டியூனின் இடமோ சுமார் 7 கி.மீ. தொலைவில், ஊர் எல்லைக்கு வெளியே அமையும்.

செய்முறை

1. சிறு கோள்களைக் கூழால் உருட்ட வேண்டும்.
2. பெரியவற்றுக்குப் பலூனை ஊதி, மைதாப் பசையில் தோய்த்த தாள் கீற்றுகளை நான்கைந்து அடுக்குகளாக ஒட்ட வேண்டும்.
3. ஒவ்வோர் அடுக்கையும் நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரிவடைந்து பலூன் வெடிக்கக்கூடும்.
4. சுண்ணக்கட்டித் தூளையும் பசையையும் கலந்து பூசி, காய்ந்தபின் வண்ணம் தீட்ட வேண்டும்.

கடலோர ஊர்களில் காற்றின் ஈரப்பதத்தால் உலர்வதற்கு நாளாகும். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். ஆகவே வடகிழக்குப் பருவமழைக் காலத்தைத் தவிர்ப்பது நன்று. பூச்சி அரிக்காமலிருக்கப் புத்தகம் கட்டுவோர் பசையில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நச்சுப்பொருள் ஆதலால் சிறுவர் கையாளும் பசையில் சேர்க்கலாகாது.

வண்ணங்கள்

வியாழனின் பட்டைகள் நடுவரைக்கு இணையாகவும், பெருஞ்சிவப்புப் புள்ளி தென் அரைக்கோளத்திலும் அமைய வேண்டும். வாயேஜர் 2 விண்கலம் 1989-இல் எடுத்த படங்கள் நிறம் மிகைப்படுத்தி வெளியிடப்பட்டதால், நெப்டியூனுக்கு அடர்நீலம் தீட்டுவது வழக்கமாயிற்று. 2024-இல் வெளியான ஆய்வின்படி நெப்டியூனும் யுரேனசைப் போலவே வெளிர் பசுநீல நிறம் கொண்டது. நீலம் சற்றே கூடுதல்.