பேண்ட் ஏன் கலைகிறது?

ஆடி மாதம் ஆவடி, அம்பத்தூர் பக்கம் அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போனால் மெல்லிசைக் கச்சேரி இல்லாமல் இருக்காது. கீபோர்டு வாசிப்பவருக்குக் காய்ச்சலா? பூந்தமல்லியிலிருந்து இன்னொருவர் வந்து உட்கார்ந்துவிடுவார். இளையராஜா பாட்டு அவருக்கும் மனப்பாடம்தானே. கூட்டத்துக்கு வித்தியாசமே தெரியாது.

சொந்தப் பாட்டு பாடும் பேண்டில் இந்த வசதி கிடையாது. ஏன் என்று டீ ஆறுவதற்குள் பார்த்துவிடுவோம்.

நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது: தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ். பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கியது. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கம் பெயின்ஸ் பள்ளி மைதானத்தில் முதல் மேடை. 19 பேரும் கோட் சூட்டில் வந்தார்கள். கானாவின் சட்டியும் கட்ட மோளமும் ஒரு பக்கம், டிரம்ஸும் கிடாரும் இன்னொரு பக்கம். இடஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் பாட்டாக்கினார்கள்.

இந்தக் கலவை எப்படி நடக்கிறது? கானா சாவு வீட்டில் வளர்ந்த பாட்டு. பாடுபவர் ஒரு வரியை மூச்சு உள்ளவரை இழுப்பார்; சட்டி அடிப்பவர் அவர் வாயைப் பார்த்தபடி காத்திருப்பார். ராக் டிரம்ஸ்காரரோ எண்ணிக்கை பிசகாமல் அடித்துப் பழகியவர். யார் எங்கே விட்டுக்கொடுப்பது என்பது ஒத்திகையில்தான் முடிவாகும். அதை யாரும் தாளில் எழுதி வைப்பதில்லை. ஆள் மாறினால் பாட்டும் கொஞ்சம் மாறிவிடும்.

அடுத்தது பணம். ஒரு மேடைக்குக் கிடைப்பதை 19ஆல் வகுத்துப் பாருங்கள். டிரம்ஸ் செட்டுக்கு மட்டுமே ஆறேழு மைக் வேண்டும். வண்டி வாடகை, ஒத்திகைச் செலவெல்லாம் தனி. இதற்கு நடுவில் ஒருவருக்கு சினிமாவில் பாட அழைப்பு வந்தால் போகாமல் இருப்பாரா?

ஒரு பேண்ட் பிரிந்தால் நாமோ, "என்ன சண்டையோ?" என்றுதான் முதலில் கேட்கிறோம். மூத்தவன் தனிக்குடித்தனம் போனால் தெரு கேட்கும் அதே கேள்வி! சண்டை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அது இல்லாமலேயே பிரிவதற்குக் காரணம் நிறைய இருக்கிறது.

1966இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற பேண்டில் நிஜமாகவே சண்டை இருந்தது. ஐந்து பேரில் மூவர் கனடாக்காரர்கள், நீல் யங் உட்பட. 1968இல் கதை முடிந்தது. மூன்றாவது ஆல்பம் வெளிவந்தபோது பேண்டே இல்லை. ஆனால் அதிலிருந்த ஸ்டீபன் ஸ்டில்ஸ் கிராஸ்பி, நாஷ் இருவரோடு சேர்ந்தார், பின்னாலேயே யங்கும் போனார். இன்னொரு உறுப்பினர் ரிச்சி ஃப்யூரே போக்கோ என்ற பேண்டைத் தொடங்கினார். இரண்டு வருட பேண்ட் ஒன்று இன்னும் இரண்டுக்கு ஆள் கொடுத்தது, சண்டையோடு சேர்த்தே.

கீழ்ப்பாக்கத்தில் நின்ற 19 பேர் வரிசையும் அப்படியே நிலைக்கவில்லை. அவர்களில் ஒருவரான அறிவு 2019இல் 'தெருக்குரல்' ஆல்பம் கொண்டுவந்தார், 2021இல் 'எஞ்சாயி எஞ்சாமி'யில் அவர் குரலை உலகம் முழுக்கக் கேட்டார்கள். அந்த மேடையின் ஒரே பெண் குரலான இசைவாணியை 2020இல் பிபிசி தன் 100 பெண்கள் பட்டியலில் சேர்த்தது.