மாரி வெள்ளமும் மோட்டார் வண்டியின் மூச்சும்

யாழ்ப்பாணத்தில் ஆறு உண்டென்று சொன்னால் வெளியூரார் நகைப்பார்கள். எனினும் மாரி பிறந்துவிட்டால் எங்கள் வழுக்கையாறு தானும் ஓர் ஆறுதான் என்பதை நிரூபித்தே தீரும். தெல்லிப்பழை, அளவெட்டிப் புறத்து மழைநீரை வாரிக்கொண்டு கந்தரோடை வழியாகச் சென்று அராலியிற் கடல்நீரேரியை அடையும் அந்த ஆறு, கோடையிலே மாடு மேயும் தரை. 2008ஆம் ஆண்டு நவம்பரில் ‘நிஷா’ புயல் வந்தபோது யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் 380 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தது. அத்தகைய நாட்களில் ஆறு எது, ஒழுங்கை எது என்று பிரித்தறிவது அரிது.

2024ஆம் ஆண்டு நவம்பர் மழையிலே என் அயலவர் ஒருவர், சுகவீனமுற்ற தம் தாயாரை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லத் தமது ஜீப் வண்டியில் ஏற்றினார். துணைக்கு நானும் ஏறினேன். அவருக்குத் தம் வண்டியில் அபார நம்பிக்கை. முகப்புக் கண்ணாடியின் ஓரமாகக் கூரைவரை நிமிர்ந்து நின்ற கரிய குழாயே அதற்குக் காரணம். யந்திரம் மூச்சு வாங்குவது அக்குழாயின் வழியாகத்தான். “கழுத்தளவு வெள்ளம் வந்தாலும் பயமில்லை, மாஸ்ரர்” என்றார்.

வெள்ளம் கழுத்தளவு வரவில்லை; முழங்காலுக்குச் சற்று மேலேதான் நின்றது. பாதி வழியில் ‘டக்’கென்று ஓர் ஓசை. யந்திரம் நின்றுவிட்டது. குழாயின் வாயோ நீருக்கு மேலே ஓராள் உயரத்தில் இருந்தது! பதற்றத்தில் மனிதர் மீண்டும் திறப்பைத் திருகினார். அதுதான் பெரும் பிழை. அயலிலுள்ள பிள்ளைகள் கதிரை கொண்டுவந்து அந்த அம்மாவை இருத்திச் சுமந்து மேட்டு வீதியிற் சேர்த்தார்கள். வைத்தியம் தாமதித்ததேயன்றி, நல்ல வேளையாக, வேறு தீங்கு நேரவில்லை.

நடந்தது என்ன? சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைபிடியை அழுத்திப் பாருங்கள். உள்ளே காற்றிருந்தால் ஓரளவு அமுங்கும். நீர் நிரம்பியிருந்தால் இம்மியும் அசையாது. டீசல் யந்திரம் தன் உருளைக்குள் இழுத்த காற்றைப் பதினாறில் அல்லது இருபதில் ஒரு பங்காக நெரிக்கிறது. அந்தச் சூட்டிலேதான் எரிபொருள் பற்றுகிறது. காற்றுடன் நீரும் புகுந்துவிட்டால், நெரியாத நீரை நெரிக்கப்போய் உள்ளேயுள்ள இரும்புத் தண்டு வளைந்துவிடும். சில வேளை முறிந்தும் விடும்.

நீர் புகுந்த வழி பின்னரே தெரிந்தது. காற்று வடிகட்டிப் பெட்டியின் அடியில், நீர் வடிவதற்கென்று வண்டியைச் செய்தவர்களே ஒரு சிறு துவாரம் விட்டிருந்தார்கள். அதனை மூடும் றப்பர் நாக்கு எப்போதோ உதிர்ந்து போயிற்று. குழாயைப் பொருத்திக் கொடுத்தவர்களும் குனிந்து பார்க்கவில்லை. வெள்ளத்துள் அமிழ்ந்த அத்துவாரத்தின் வழியே, பிள்ளைகள் இளநீர் உறிஞ்சுவதுபோல, யந்திரம் நீரை உறிஞ்சிவிட்டது.

இக்குழாயை ஆங்கிலத்தில் ஸ்நோர்க்கல் என்பார்கள். சொல் ஜெர்மன் மொழியிலிருந்து வந்தது. நீர்மூழ்கிக் கப்பல் நீருக்குள் இருந்தபடியே டீசல் யந்திரத்தை ஓட்டுவதற்கென 1930களில் ஒல்லாந்துக் கடற்படையினர் இத்தகைய குழாயை அமைத்தனர். 1940இல் ஒல்லாந்தைப் பிடித்த ஜெர்மானியர் பின்னர் அதைத் தம் கப்பல்களிலும் பொருத்திக்கொண்டனர். 1944 ஜூன் 6ஆந் தேதி நோர்மண்டிக் கரையில் இறங்கிய நேச நாட்டு வண்டிகளிலோ காற்றுக் குழாயையும் புகைக் குழாயையும் உயர்த்தியதோடு வேலை முடியவில்லை. பொருத்துகளிலெல்லாம் கல்நார் கலந்த கிரீஸைத் திணித்து அடைத்திருந்தார்கள். குழாய் கட்டுவது ஒரு நாள் வேலையென்றால், இடுக்கடைப்பது ஒன்பது நாள் வேலை!

ஆகவே குழாய் பொருத்தியவர்கள் பார்க்கவேண்டியது கூரையை அன்று, அடியை. பெட்டியின் துவாரம், மூடியின் றப்பர் வளையம், வெடித்துப்போன றப்பர்க் குழாய், தளர்ந்த இறுக்குவளையம் யாவற்றையும் சோதிக்கவேண்டும். சோதனை மிக எளிது. யந்திரத்தை மெதுவாக ஓடவிட்டு, மேலேயுள்ள குழாய் வாயை ஒரு பலகைத் துண்டால் இறுக அடையுங்கள். யந்திரம் மூச்சுத் திணறி நின்றுவிட்டால் பொருத்துகள் சரி. தொடர்ந்து ஓடினால் எங்கோ களவாகக் காற்றெடுக்கிறது என்று பொருள். காற்றுப் போகும் வழியிலே நீரும் போகும். நீரில் நின்றுபோன வண்டியின் திறப்பை மறந்தும் திருகலாகாது. மெக்கானிக் வந்து எரிபொருள் பீச்சிகளைக் கழற்றி, உருளைகளிலுள்ள நீரை வெளியேற்றியபின்பே யந்திரத்தைச் சுழற்றவேண்டும்.

இவ்வளவும் நிற்கும் வெள்ளத்துக்கே பொருந்தும். ஓடும் வெள்ளத்தின் கதை வேறு. அதே 2024 நவம்பரில் அம்பாறை மாவட்டத்துக் காரைதீவில், மதறசா மாணவர்களை ஏற்றிச்சென்ற உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துச் சென்றது. மாணவர் பலர் மாண்டனர். உழவு இயந்திரம் உயரமானது, பாரமானது. ஆனாலும் பெருக்கின் இழுப்புக்கு முன் நிற்கவில்லை. எத்தனை உயரமான குழாயும் யந்திரத்துக்கு மூச்சுக் கொடுக்குமேயன்றி, சில்லுகளைத் தரையிற் பிடித்து வைக்காது.

அயலவரின் வண்டி பெருஞ்செலவில் மீண்டது. அடுத்த ஐப்பசியில் அவர் என்னை அழைத்து, யந்திரத்தை ஓடவிட்டு, ஏணியில் ஏறிக் குழாய் வாயைப் பலகையால் அடைத்தார். இரண்டொரு கணத்தில் யந்திரம் திணறி நின்றது. மனிதர் முகத்தில் வெற்றிச் சிரிப்பு. திண்ணையிலிருந்த தாயார் கேட்டார்: “என்னடா தம்பி, ஓடுற வண்டியை நிப்பாட்டிப்போட்டு நிண்டு சிரிக்கிறாய்?”