42 வீதம் 55 ஆன கணக்கும், கோயில் வாசலில் வந்த பயமும்

2024 செப்டம்பர் 21 ஆம் திகதி நடந்த ஜனாதிபதித் தேர்தலின் முடிவு பலருக்கும் ஆச்சரியமாகவே இருந்தது. 2019 இல் 418,553 வாக்குகள், அதாவது நூற்றுக்கு 3.16 வீதம் மட்டுமே எடுத்த அநுர குமார திசாநாயக்க, ஐந்தே வருஷத்தில் 56 இலட்சத்துக்கு மேல் எடுத்து முதலாவதாக வந்துவிட்டார். நம்ம பக்கம் அப்படியில்லை. பதுளை மாவட்டத்தில் சஜித் பிரேமதாசதான் முதலாவது, நுவரெலியாவிலும் அவர்தான். ஆனால் அதே ஊவாவில் மொனராகலை அநுரவுக்குப் போனது.

அதனால் லயத்துக்கு லயம் ஒவ்வொரு மாதிரிப் பேச்சு. சாமி இல்லை என்கிற கட்சி வந்துடுச்சே, இனி திருவிழா, தேரெல்லாம் என்ன ஆகுமோ என்று ஒரு வீட்டில் கவலை. களவு ஒழிஞ்சா போதும், சாமியை நாங்க பாத்துக்கிறோம் என்று பக்கத்து வீட்டில் சந்தோஷம். இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. யாருக்கு வாக்குப் போட்டிருக்க வேண்டும் என்று சொல்வது நமது வேலையல்ல. நடந்தது என்ன என்பதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறோம்.

முதலில் கணக்கு. அநுரவுக்கு முதல் எண்ணிக்கையில் கிடைத்தது 42.31 வீதம். சஜித்துக்கு 32.76, ரணில் விக்கிரமசிங்கவுக்கு 17.27. வெல்வதற்கு செல்லுபடியான வாக்கில் பாதிக்கு மேல் வேண்டும். யாருக்கும் அது இல்லை. 1982 இல் முதலாவது ஜனாதிபதித் தேர்தல் நடந்ததிலிருந்து இப்படி ஆனது இதுவே முதல் தடவை. அப்போது சட்டப்படி முதல் இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லோரையும் நீக்கிவிடுவார்கள். நீக்கப்பட்டவர்களுக்கு '1' போட்ட சீட்டுகளை மறுபடியும் எடுத்து, '2' என்றும் '3' என்றும் யாருக்குப் போட்டிருக்கிறது என்று பார்ப்பார்கள். அப்படிப் பார்த்ததில் அநுரவுக்கு 105,264 வாக்குகளும் சஜித்துக்கு 167,867 வாக்குகளும் கூடின. பார்த்தீர்களா, இரண்டாம் சுற்றில் அதிகம் சேர்ந்தது சஜித்துக்கு! ஆனாலும் முன்னாலிருந்த இடைவெளியை அது நிரப்பவில்லை. கடைசியில் இரண்டு பேருடைய வாக்கை மட்டும் கூட்டி வீதம் போட்டதால் அநுர 55.89, சஜித் 44.11 என்று வந்தது. இதில் மாயமும் இல்லை, மோசடியும் இல்லை. வெறும் புள்ளடி போட்டவர்களின் சீட்டும், '1' மட்டும் போட்டவர்களின் சீட்டும் இரண்டாம் சுற்றில் யாருக்கும் உதவவில்லை, அவ்வளவுதான். இதை நம்ம தோட்டங்களில் முன்கூட்டியே யாரும் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை என்பது நமது அபிப்பிராயம்.

இனி பயத்துக்கு வருவோம். அநுரவின் மூலக் கட்சி மக்கள் விடுதலை முன்னணி, அதாவது ஜே.வி.பி. மார்க்ஸ் வழியில் வந்த கட்சி. வயசானவர்களுக்கு 1971 உம் 1987 முதல் 89 வரையான காலமும் ஞாபகத்தில் இருக்கிறது. அதைவிட ஆழமான புண் ஒன்றும் உண்டு. கட்சி தொடங்கிய காலத்தில் இளைஞருக்கு நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று 'இந்திய விஸ்தரிப்புவாதம்' பற்றியது. தோட்டத் தமிழ் மக்களை அது இந்தியாவின் கருவியைப் போலப் பார்த்தது. 1948 சட்டத்தால் பிரஜாவுரிமை போய், அதற்கடுத்த வருஷமே வாக்கும் போய், 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரைக்கும் நாடற்றவர்களாக நம்மவர்களில் ஒரு பகுதியினர் காத்துக்கிடந்த கதையோடு சேர்த்துப் பார்த்தால் இந்தப் பயம் சும்மா வந்ததல்ல. பிறகு அவர்கள் தேசிய மக்கள் சக்தி என்று விரிந்து, 2023 இல் ஹட்டனில் மலையக மக்களுக்கென ஒரு பிரகடனமே வெளியிட்டார்கள். நம்பியவர்களும் உண்டு, பொறுத்துப் பார்ப்போம் என்றவர்களும் உண்டு.

மற்ற மதத்தவர்களும் ஒரே மனசாக இருக்கவில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு தேவாலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து 260 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்கு நியாயம் கேட்டுக் களைத்துப்போன கத்தோலிக்க மக்களில் பலர் இந்தத் தடவை மாற்றத்துக்கு வாக்களித்தார்கள். கம்பஹாவும் புத்தளமும் அநுரவுக்குக் கிடைத்தன. முஸ்லிம் மக்களுக்கோ 2020, 2021 இல் கொரோனாவில் இறந்த தங்கள் சனங்களைப் புதைக்க விடாமல் எரித்த வேதனை. பழையவர்கள் போனது அவர்களுக்கு ஆறுதல்தான். இருந்தும், நவம்பரில் அமைந்த அமைச்சரவையில் ஒரு முஸ்லிம் அமைச்சரும் இல்லையே என்று மனம் குறைப்பட்டார்கள். பௌத்த கிராமங்களில், பல காலம் ராஜபக்ஷ குடும்பத்தோடு நின்ற வாக்கு அப்படியே இடம்மாறியது. நாமல் ராஜபக்ஷவுக்குக் கிடைத்தது 2.57 வீதம் மட்டுமே. வென்றவரும் கண்டி தலதா மாளிகைக்குப் போய் வழிபட்டார்.

கோயிலை மூடுவார்களா என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். அரசியலமைப்பின் 9 ஆவது உறுப்புரை பௌத்தத்துக்கு முதலிடம் தருகிறது. அதற்கு அடுத்த 10 ஆவது உறுப்புரை, விரும்பிய மதத்தை நம்பவும் கைக்கொள்ளவும் ஒவ்வொருவருக்கும் சுதந்திரம் உண்டு என்கிறது. இந்த 10 ஆவதை மாற்றப் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு மட்டும் போதாது; நாட்டு மக்களிடம் சர்வசன வாக்கெடுப்பும் நடத்த வேண்டும். எந்த ஜனாதிபதியும் ஒரு கையெழுத்தில் நம்ம மாரியம்மனை நிறுத்த முடியாது.

இன்னொன்று. சாமி முன்னால் கற்பூரம் கொளுத்தி "இவருக்குத்தான் போடுவேன்" என்று சத்தியம் வாங்கினால், போடாவிட்டால் தெய்வக் குற்றம் என்று மிரட்டினால், அது தேர்தல் சட்டத்தில் குற்றம். அப்படி வாங்கின சத்தியத்துக்குப் பயந்து யாரும் மனசைக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. வாக்கு இரகசியம், பெட்டிக்குள் போன சீட்டை வைத்து இது யாருடையது என்று தலைவரோ தொரையோ சொல்லவே முடியாது.

நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் காற்று இன்னும் மாறியது. மட்டக்களப்பு தவிர எல்லா மாவட்டமும் தேசிய மக்கள் சக்திக்கு. பதுளையின் 9 ஆசனங்களில் 6 அவர்களுக்கு. நம்ம மாவட்டத்திலிருந்து அம்பிகா சாமுவேல் பாராளுமன்றம் போனார். மலையகத் தமிழ்ப் பெண் ஒருவர் மக்கள் வாக்கால் அங்கே போவதை நம்ம பாட்டிமார் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். செப்டம்பரில் பயந்த வீடுகள் சிலவும் நவம்பரில் மாற்றிப் போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கணக்கு வராது.

கோயிலுக்கு உண்மையான ஆபத்து வேறு இடத்தில்தான் இருக்கிறது என்பது நமது எண்ணம். தோட்டக் கோயில்களில் பெரும்பாலானவை தோட்டக் காணியில் நிற்கின்றன. சனம் சம்பளத்தில் பிடித்த காசில் கட்டியது. ஆனால் கையில் காணி உறுதி இல்லை. லயக் காம்பராவுக்கும் அதே நிலைமைதான். தோட்டம் கை மாறும்போது, ரோட்டு அகலமாகும்போது, என்ன எழுத்து இருக்கிறது என்று கேட்பார்கள். கோயில் கமிட்டி வைத்திருப்பவர்கள், உங்கள் கோயில் இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களத்தில் பதியப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பிரதேச செயலகத்தில் விசாரித்து, கமிட்டிக் கூட்டக் குறிப்பு, கணக்குப் புத்தகம், பழைய திருவிழா நோட்டீஸ் ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்து எடுத்து வையுங்கள்.