‘அக்ரெசிவ்’ என்னும் பெயரடை: எல்லைப்புற மொழிபெயர்ப்பில் எழும் பொருட்சிக்கல்

ஆங்கிலத்தில் ‘அக்ரெசிவ்’ என்னும் பெயரடை, தாக்க முற்படும் இயல்பையோ நிலையையோ குறிக்கும். தாக்குதல் நிகழ்ந்ததா என்பதை அது கூறுவதில்லை. ‘நோக்கி அடிவைத்தல்’ என்பது அதன் இலத்தீன் வேர்ப்பொருள். ‘அடிவைத்தல்’ எனப் பொருள்படும் ‘க்ரம்’ என்னும் வடமொழி வினையடியிலிருந்து பிறந்த ‘ஆக்ரமண’ என்பது இதற்கு வியக்கத்தக்க இணை. ஆயினும், பாலக்காட்டின் சித்தூர், இடுக்கியின் தேவிகுளம் போன்ற இருமொழி வழங்கும் வட்டங்களில் மொழிபெயர்ப்பாளரை வழிதவறச் செய்வதும் இவ்விணையே.

மலையாளத்தில் ‘ஆக்ரமணம்’ தாக்குதல், ‘அக்ரமம்’ வன்செயல். தமிழிலோ ‘ஆக்கிரமிப்பு’ பிறர் இடத்தைக் கைப்பற்றுதல், ‘அக்கிரமம்’ அநீதி. நில ஆக்கிரமிப்பை மலையாளம் ‘கையேற்றம்’ என்னும். ஒருவரைக் கைநீட்டித் தாக்குவதும் அங்குக் ‘கையேற்றம்’தான். தமிழில் கடுஞ்சினத்தவனாகிய ‘மூர்க்கன்’ மலையாளத்தில் நல்லபாம்பு என்பதையும் இங்கு நினைக்கலாம்.

2023ஆம் ஆண்டு சின்னக்கானலில் பிடிக்கப்பட்ட அரிக்கொம்பன் என்னும் யானையின் நிகழ்வு இதற்கு ஏற்ற சான்றாகும். அதனைப் பாலக்காடு மாவட்டத்துப் பறம்பிக்குளத்திற்குக் கொண்டுசெல்லும் திட்டம் மக்கள் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. பெரியாறு காப்பகத்தில் விடப்பட்ட யானை கம்பத்திற்குள் நுழைந்தது; ஜூன் மாதம் தமிழக வனத்துறையால் மீண்டும் பிடிக்கப்பட்டுக் களக்காடு முண்டந்துறையில் விடப்பட்டது. ஒரே விலங்கைப் பற்றிய செய்தி மூன்று மொழிகளில் பயின்றது. யார் யாருடைய இடத்தில் புகுந்தனர் என்பதே விவாதமாக இருந்த சூழலில், ‘அக்ரெசிவ்’ என்பதை ‘ஆக்கிரமிக்கும் யானை’ எனப் பெயர்த்தால், விவாதத்திற்குரிய ஒன்று தீர்ப்பாகவே மாறிவிடும்.

இதனினும் நுட்பமான சிக்கல் இலக்கணத்தைச் சார்ந்தது. ஆங்கிலப் பெயரடைக்குக் காலம் இல்லை. அதனைத் தமிழில் பெயரெச்சமாக்கும்போது காலம் வந்து சேர்கிறது. ‘தாக்கிய யானை’ நடந்ததை உறுதிப்படுத்துகிறது. ‘தாக்கும் யானை’ வழக்கமாக்குகிறது. மனிதரைப் பற்றிய வாக்குமூலத்தில் இவ்வேறுபாடு இன்னும் பெரிது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 130ஆம் பிரிவின்படி, உடலைத் தொடாமலே, அச்சுறுத்தும் சைகை ஒன்றே குற்றமாகலாம். அத்தகைய சைகையைத் ‘தாக்கினார்’ என எழுதினால், குற்றச்சாட்டே வேறாகிவிடும்.

‘வன்முறையான’ என்பது விலங்கிற்குப் பொருந்தாது. மனிதருக்கும் நிகழ்ந்த செயலையே சுட்டும். நிலையான இயல்பைக் குறிக்க ‘முரட்டு’ என்னும் சொல் போதும். ஆவண எழுத்தர் இதனைக் கொச்சையெனத் தவிர்ப்பது தேவையற்ற தயக்கம். அவ்வேளையின் நிலையைக் குறிக்கப் பேச்சுவழக்கின் ‘அடிக்க வரும்’ என்பதன் எழுத்து வடிவமாகிய ‘தாக்க வரும்’ பொருத்தமானது. இலத்தீன் வேரிலுள்ள அந்த ‘அடிவைப்பு’ ‘வரும்’ என்பதில் அப்படியே இருக்கிறது.