சிறு கடையும் எழுத்தும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், வேதியியல்)

விளம்பரம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன பெரிய நிறுவனங்களே. தொலைக்காட்சியில் சில நொடிகளுக்குப் பெருந்தொகை கொடுக்க வல்ல அவர்களைப் பற்றி இக்கட்டுரை பேசப் போவதில்லை. ஒரு தையற்கடையோ, விதைக்கடையோ, மிதிவண்டி பழுதுபார்க்கும் கடையோ நடத்துகின்ற ஒருவர், தாம் எழுதும் எழுத்தைக் கொண்டே வாடிக்கையாளரைத் தேடிக்கொள்ள முடியுமா? முடியுமெனில் எவ்வகை எழுத்து பயன் தரும்? எது வீணாகும்? இவற்றிற்கு விடை காண ஒரு பழைய சான்றையும் ஒரு புதிய சான்றையும் எடுத்துக்கொள்கிறேன். பழையது உலகறிந்தது. புதியது எங்கள் தெருவைத் தாண்டி யாரும் அறியாதது.

பெஞ்சமின் பிராங்க்லின் என்றால், பட்டம் விட்டு மின்னலை ஆராய்ந்த அறிவியலார் என்பதே நாம் படித்த பாடம். ஆனால் தொழிலால் அவர் அச்சுக்காரர். 1706-இல் பாஸ்டன் நகரில், மெழுகுவத்தியும் சவுக்காரமும் காய்ச்சி விற்ற ஒருவரின் 17 மக்களுள் ஒருவராகப் பிறந்தவர். பள்ளியில் பயின்றது இரண்டே ஆண்டுகள். 12-ஆம் வயதில் அண்ணனின் அச்சகத்தில் வேலை பழகச் சேர்ந்தார். 1723-இல் பிலடெல்பியாவுக்கு ஓடிவந்தார். 1728-இல் நண்பர் ஒருவருடன் கூட்டுச் சேர்ந்து, அந்நண்பரின் தந்தை கொடுத்த முதலில் அச்சகம் தொடங்கினார். அந்நகரில் முன்னரே இரண்டு அச்சகங்கள் இருந்தன. மூன்றாவது பிழைக்காது என்பதே ஊர் வணிகர் பலரின் கருத்தாக இருந்தது.

பிழைத்தது எவ்வாறு? முதற்காரணம் எழுத்தன்று, வேலை. மாகாண சட்டமன்றத்தின் உரையொன்றைப் போட்டி அச்சகத்தார் கரடுமுரடாகவும் பிழை மலியவும் அச்சிட்டிருந்தனர். பிராங்க்லின் அதே உரையை அழகாகவும் பிழையின்றியும் மீண்டும் அச்சிட்டு, உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு படி அனுப்பி வைத்தார். தன்னைப் பற்றி அதில் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அடுத்த ஆண்டு அரசு அச்சுப்பணி அவருக்கு வந்து சேர்ந்தது. எழுத்தைப் பற்றி நாம் பேசப் போவதெல்லாம் இதற்குப் பின்னர்தான். வேலை சரியில்லாத கடைக்கு எழுத்து உதவாது. வந்தவரை விரைவாகத் திருப்பி அனுப்ப வேண்டுமானால் உதவலாம்.

அதே நகரில் கெய்மர் என்னும் இன்னொரு அச்சுக்காரர் செய்தித்தாள் ஒன்று நடத்திவந்தார். எல்லாக் கலைகளையும் அறிவியல்களையும் பயிற்றுவிக்கும் இதழ் என்று அதற்குப் பெயரிட்டார். பெயருக்கேற்பக் கலைக்களஞ்சியம் ஒன்றை முதலெழுத்திலிருந்து தொடங்கி வாரந்தோறும் பகுதி பகுதியாக வெளியிட்டார். அந்த வேகத்தில் கடைசி எழுத்தைக் காண வாசகனுக்கு ஓர் ஆயுள் போதாது. சந்தாதாரர் 90 பேரைத் தாண்டவில்லை என்று பிராங்க்லின் தம் வரலாற்றில் எழுதுகிறார். 1729-இல் அவ்விதழைப் பிராங்க்லின் குறைந்த விலைக்கு வாங்கினார். கலைக்களஞ்சியத்தைத் தூக்கியெறிந்தார். ஊர்ச் செய்தி, கப்பல் செய்தி, புனைபெயர்களில் தாமே எழுதிக்கொண்ட நகைச்சுவைக் கடிதங்கள் ஆகியவற்றை வெளியிட்டார். அறிவை வழங்குகிறேன் என்ற கெய்மரின் இதழ் நின்றுவிட, அடுத்த வீட்டுச் சங்கதியைப் பேசிய இதழ் நிலைத்தது. இதில் நமக்கொரு பாடம் இருக்கிறது. அதை நான் எவ்வாறு தாமதமாகக் கற்றேன் என்பதைப் பின்னர் கூறுகிறேன்.

பிராங்க்லினுக்குப் பெரும்பொருள் ஈட்டித் தந்தது பஞ்சாங்கம். 1732-ஆம் ஆண்டின் இறுதியில், 1733-ஆம் ஆண்டுக்கென, ‘ஏழை ரிச்சர்டின் பஞ்சாங்கம்’ வெளிவந்தது. ரிச்சர்டு சாண்டர்ஸ் என்னும் பெயரில், மனைவியின் நச்சரிப்புத் தாங்காமல் பஞ்சாங்கம் எழுதவந்த ஏழை சோதிடனாகப் பிராங்க்லின் வேடம் பூண்டார். முதல் இதழிலேயே, டைட்டன் லீட்ஸ் என்ற போட்டிப் பஞ்சாங்கக்காரர் 1733 அக்டோபர் 17-ஆம் நாள் பிற்பகல் 3 மணி 29 நிமிடத்துக்கு இறந்துவிடுவார் என்று கணித்துச் சொன்னார்! லீட்ஸ் வெகுண்டு, இவன் மூடன், பொய்யன் என்று தம் பஞ்சாங்கத்தில் எழுதினார். பிராங்க்லின் விடவில்லை. என் நண்பர் லீட்ஸ் இவ்வளவு பண்பற்று எழுதமாட்டார், ஆகவே அவர் இறந்தே போயிருக்க வேண்டும் என்ற பொருள்படப் பதில் எழுதினார். ஊர் சிரித்தது, பஞ்சாங்கம் விற்றது. இந்தப் பகுதியைப் படித்தபோது நானும் சிரித்தேனாயினும், உயிரோடிருக்கும் ஒருவரின் பிழைப்பைக் கேலிப்பொருளாக்கியது எனக்கு உவப்பாக இல்லை. ஊருக்கு ஊர் ஒரே தொழிலில் இரண்டு கடைகள் இருக்கும் நம் நாட்டில் இந்த முறையைப் பின்பற்றினால் கைகலப்புத்தான் மிஞ்சும்.

கருதத்தக்கது வேறு. மற்ற நூல்களை வாங்கவே வாங்காத எளிய மக்களும் பஞ்சாங்கம் வாங்குவர் என்பதைப் பிராங்க்லின் கவனித்தார். சூரியோதயம், நிலவின் பிறை, வானிலை ஆகியவற்றுக்காக அது ஆண்டு முழுவதும் வீட்டில் தொங்கும். எனவே, சிறப்பு நாட்களுக்கிடையே எஞ்சிய சிறு இடைவெளிகளில் எல்லாம் சிக்கனம், உழைப்பு பற்றிய சிறு சிறு வாசகங்களை நிரப்பினார். அவற்றுள் பத்தில் ஒரு பங்குகூடத் தம் சொந்தச் சரக்கு அன்று என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 படிகள் விற்றன. 25 ஆண்டுகள் ஓராண்டும் விடாமல் வெளிவந்தது. அவர் மனைவி டெபோரா கடையைக் கவனித்தார், தாள்களை மடித்துத் தைத்தார், காகித ஆலைக்கென்று பழந்துணி வாங்கிச் சேர்த்தார். 1748-இல், 42-ஆம் வயதில், பிராங்க்லின் அச்சுத்தொழிலிலிருந்து ஓய்வு பெற்றார். மின்சார ஆராய்ச்சிக்கு நேரம் கிடைத்தது அதனால்தான். அதே செய்தித்தாளில் அடிமைகளை விற்பதற்கான விளம்பரங்களும் காசுக்கு வெளியிடப்பட்டன என்பதையும், அவரே அடிமைகளை வைத்திருந்தார் என்பதையும் மறைத்துவிட்டு அவரைப் போற்ற எனக்கு மனமில்லை.

இந்தப் பஞ்சாங்கத்தின் உறவினர் நம் வீட்டுச் சுவரிலேயே இருக்கிறார். ஒவ்வோர் ஆண்டும் சனவரி பிறக்குமுன் மளிகைக்கடைக்காரரும் நகைக்கடைக்காரரும் தரும் தினசரி நாட்காட்டியைத்தான் சொல்கிறேன். அவற்றுள் மிகப் பல சிவகாசியில் அச்சாகின்றன. தாளைக் கிழிக்கும்போது இராகுகாலம் பார்க்கிறோம், நல்ல நேரம் பார்க்கிறோம், அமாவாசை என்றைக்கு என்று புரட்டுகிறோம். கடையின் பெயர் மேலே நின்றுகொண்டு, ஒன்றும் கேட்காமல், 365 நாளும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கொடுத்தவருக்குப் பயன்படுவதைவிட வாங்கியவருக்கு அதிகம் பயன்படுவதாலேயே அது சுவரில் ஏறுகிறது. கடைக்காரரின் படத்தை மட்டும் அச்சிட்டுக் கொடுத்தால் எத்தனை வீடுகளில் ஆணி அடிப்பார்கள்?

பெரிய நிறுவனங்களும் இவ்வழியில் சென்றதுண்டு. கொல்லர் ஒருவரின் எஃகுக் கலப்பையிலிருந்து வளர்ந்த ஜான் டீர் நிறுவனம், 1895 முதல் ‘உழுசால்’ என்று பொருள்படும் பெயரில் உழவர்க்கான இதழை நடத்திவருகிறது. பிரான்சு நாட்டின் மிஷ்லின் டயர் நிறுவனம் 1900-இல் வண்டியோட்டிகளுக்கு வழிகாட்டி நூல் ஒன்றை இலவசமாகக் கொடுத்தது. மக்கள் அதிகம் பயணம் செய்தால் டயர் தேயும் என்பது கணக்கு. இவர்களிடம் பணம் இருந்தது. நம் பேச்சு பணமில்லாதவர்களைப் பற்றியது.

இனிப் புதிய சான்றுக்கு வருகிறேன். என் தந்தையார் மிதிவண்டி பழுதுபார்ப்பவர். சாலையோரத்தில் தகரக் கூரைக் கடை. ஊரில் மோட்டார் வண்டி பெருகியபின் வேலை குறைந்தது. எஞ்சிய வாடிக்கையாளர் பிளஸ் ஒன் வகுப்பில் அரசு வழங்கும் மிதிவண்டியில் வரும் மாணவ மாணவியர், பால்காரர், தோட்ட வேலைக்குச் செல்வோர், இரவுக் காவலர் சிலர். சென்ற ஆண்டு முக்கியச் சாலையில் புது வண்டிகள் விற்கும் பெரிய கடை ஒன்று வந்தது. அங்கே பழுதும் பார்ப்பார்கள். என் படிப்புச் செலவும் இந்தத் தகரக் கூரையின் கீழிருந்து வருவதால், நான் சும்மா இருக்க முடியவில்லை. பழைய கரும்பலகை ஒன்றைத் தேடியெடுத்துக் கடை வாயிலில் மாட்டி, வாரந்தோறும் திங்கட்கிழமை ஒரு செய்தி எழுதுவதென்று தீர்மானித்தேன்.

முதல் மாதம் நான் எழுதியவை: மிதிவண்டி பிறந்த வரலாறு, மிதிவண்டியும் உடல்நலமும், இரப்பரின் வேதியியல். எல்லாம் நூலகத்தில் பார்த்து எழுதியவை. நடை எனக்குப் பிடித்திருந்தது. நின்று படித்தவர் ஒருவருமில்லை. கெய்மரின் கலைக்களஞ்சியத்தை நானும் முதலெழுத்திலிருந்து தொடங்கியிருந்தேன். நான்காம் வாரம் தந்தையார் பலகையை நிமிர்ந்து பார்த்துவிட்டு, “யாருக்குடா இது?” என்று கேட்டார். அவர் மூன்றாம் வகுப்போடு நின்றவர். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடையில்லை.

அதன்பின் ஒரு விடுமுறை வாரம் முழுவதும் கடையில் உட்கார்ந்து, வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதை மட்டும் குறிப்பேட்டில் எழுதினேன். பஞ்சர் ஒட்டிய இடமே மறுபடியும் ஏன் விடுகிறது? ஓட்டாமல் நிறுத்தி வைத்தாலும் ஏன் காற்று இறங்குகிறது? செயின் ஏன் கழன்றுகொண்டே இருக்கிறது? ஓவர்ஹால் செய்ய எவ்வளவு ஆகும்? கேள்விகள் திரும்பத் திரும்ப இவையே. விடைகளோ தந்தையாரிடம் முப்பது ஆண்டுகளாக இருக்கின்றன. வேதியியல் படிக்கும் எனக்கு இரப்பர் பிணைப்பைப் பற்றித் தெரியும். சொல்யூஷன் தடவியதும் பேட்சை ஒட்டிவிடக்கூடாது, தடவிய ஈரம் காய்ந்து விரலில் லேசாகப் பிடிக்கும் பதம் வரும்வரை பொறுக்க வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். அவசரக்காரர்கள் ஒட்டும் பஞ்சர் விடுவதற்கு அதுவே பெருங்காரணம். “அதில் இருக்கிற பெட்ரோல் மாதிரிச் சரக்கு பறந்து போகணும்” என்றார். கரைப்பான் ஆவியாதல் என்று நாங்கள் தேர்வில் எழுதுவது இதைத்தான்.

அடுத்த திங்கள் முதல் அவர் சொல்ல நான் எழுதினேன். ஒரு வாரத்துக்கு ஒரு கேள்வி, அதற்கு நாலைந்து வரியில் விடை. செயின் நீண்டுவிட்ட பின்னும் மாற்றாமல் ஓட்டினால் பிரீவீல் பல்லும் தேய்ந்து செலவு இரட்டிக்கும் என்று எழுதினோம். புது வண்டி வாங்கினால் சில வாரங்கள் ஓட்டியபின் போக்ஸ் கம்பிகளையும் நட்டுகளையும் ஒருமுறை முறுக்கிக்கொள்ளச் சொன்னோம். டியூப் இரப்பரின் வழியே காற்று மெல்ல மெல்லக் கசிவது இயல்பு, ஒரே இரவில் இறங்கினால் மட்டும் வால் டியூப்பைப் பார்க்கவும் என்று எழுதிய வாரம் பால்காரர் நின்று இருமுறை படித்தார். பிறகு, “அப்போ என் வண்டியில் குறை ஒன்றுமில்லை” என்று சொல்லிவிட்டுக் காசு செலவழிக்காமல் போனார்.

தந்தையாருக்கு அங்கேதான் அச்சம் எழுந்தது. தொழிலைச் சொல்லிக் கொடுத்தால் நம்மிடம் எதற்கு வருவார்கள் என்றார். எனக்கும் உறுதியாக விடை தெரியவில்லை. இரண்டு வாரம் கழித்து அதே பால்காரர் பின்சக்கர ரிம் கோட்டத்தை எடுக்க வந்தார். அவர் தம்பியின் வண்டியும் உடன் வந்தது. வேலை இல்லாதபோது இல்லை என்று சொல்லும் கடையை, வேலை இருக்கும்போது நம்பலாம் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். ஆனால் படித்துவிட்டு வராமலே போனவர்கள் எத்தனை பேர் என்பதை நான் எண்ணிப் பார்க்க வழியில்லை. ஆதலால் இதைப் பெரிய வெற்றியாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

கூலிப் பட்டியலை எழுதுவதில்தான் எங்களுக்குள் பெரிய வழக்கு நடந்தது. ஆளுக்கேற்ற கூலி என்பது இத்தொழிலின் பழைய வழக்கம். ஏழைப் பிள்ளைகளிடம் குறைத்துக்கொள்வார், வாய்த்தவரிடம் சற்றுக் கூட்டிக் கேட்பார். பலகையில் எழுதிவிட்டால் இரண்டும் முடியாது. நான் மூன்று மாதம் வாதாடினேன். இறுதியில் பஞ்சர், ஓவர்ஹால், கோட்டம் ஆகிய மூன்றுக்கு மட்டும் எழுத இசைந்தார். பள்ளிப் பிள்ளைகளுக்குக் குறைப்பதை எழுதாமலே தொடர்வதென்றும் முடிவாயிற்று. கூலி எழுதிய பின்னர் புதுமுகங்கள் தயங்காமல் கடைக்குள் வருகிறார்கள், குறிப்பாகப் பெண்கள். முன்பெல்லாம் எவ்வளவு கேட்பாரோ என்று அஞ்சிச் சாலையிலேயே நின்று விசாரிப்பார்கள்.

பருவத் தேர்வு வந்தபோது மூன்று வாரம் பலகை மாறவில்லை. பழைய எழுத்து மழையில் பாதி கரைந்திருந்தது. கடை மூடப்போகிறதா என்று இருவர் தந்தையாரைக் கேட்டார்களாம். எழுதாமலே இருந்திருந்தால் அக்கேள்வி எழுந்திராது. தொடங்கிவிட்டு நிறுத்தியதால் எழுந்தது. பிராங்க்லின் 25 ஆண்டுகள் விடாமல் எழுதியதன் அருமை அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. இப்போது தேர்வுக் காலத்துக்கென்று நான்கு வாரச் செய்திகளை முன்கூட்டியே எழுதி, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் தங்கையிடம் கொடுத்துவிடுகிறேன். அவள் கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருப்பதாக இரவுக் காவலர் ஒருவர் கூறுகிறார்.

அந்தக் காவலர் சென்ற வாரம் ஒரு கேள்வி கேட்டார். இரவில் ஓட்டும்போது டைனமோவை டயரோடு சேர்த்தால் வண்டி ஏன் கனக்கிறது என்பது அது. இயற்பியல் துறை நண்பர்கள் இதற்கு ஒரு பக்கம் விடை எழுதித் தந்தார்கள். தந்தையார் அதைக் கேட்டுவிட்டு, “விளக்குக்கும் நீதான் மிதிக்கிறாய் என்று எழுது” என்றார். வரும் திங்கட்கிழமைக்கு அதுவே.