தொங்கோட்டம்

குதிரை மெல்ல நடந்தால் நான்கு குளம்படி கேட்கும். நாலுகால் பாய்ச்சலிலும் நான்குதான், படுவேகமாக. இடைப்பட்ட ஓட்டங்களில் ஒன்றில் மட்டும் மூன்றே அடி. மூன்றாவது விழுந்ததும் நான்கு கால்களும் ஒரு கணம் தரையில் படாமல் நிற்கும். குதிரைக்கும் இரைக்காது, ஏறியவனுக்கும் இடுப்பு வலிக்காது. இதற்கு ஆங்கிலப் பெயர் ‘கேன்ட்டர்’.

பெயர் ஓர் ஊரிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் கேன்டர்பரி தேவாலயத்தில் 1170இல் பேராயர் தாமஸ் பெக்கெட் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் சமாதியைத் தரிசிக்கக் குதிரையேறிப் போனவர்களின் அவசரமில்லாத ஓட்டமே ‘கேன்டர்பரி ஓட்டம்’. வேடிக்கை என்னவென்றால், எட்டாம் ஹென்றி காலத்தில், 1538இல், அந்தச் சமாதியையே இடித்துவிட்டார்கள். சொல் எழுத்தில் தலைகாட்டுவது அதற்கு ஏறத்தாழ நூறாண்டு கழித்துத்தான். 18ஆம் நூற்றாண்டில் வால் அறுந்து ‘கேன்ட்டர்’ ஆனது.

பெரம்பலூர் மாவட்டத்து வாலிகண்டபுரத்தில் கதை தலைகீழ். வானர அரசன் வாலி சிவனைக் கண்டு வழிபட்டதால் இந்தப் பெயர் என்கிறது தலபுராணம். வாலீசுவரர் கோயில் இன்றும் இருக்கிறது. அங்கே ஊர் ஓட்டத்துக்குப் பெயர் தந்தது, இங்கே வழிபாடு ஊருக்கு. குதிரைகளும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1751இல் பக்கத்து ரஞ்சன்குடிக் கோட்டையருகே ஆர்க்காட்டு நவாப் பட்டத்துக்குப் போட்டியிட்ட இருவரில் முகமது அலிக்குத் துணைவந்த ஆங்கிலேயரும் சந்தா சாகிபுக்குத் துணைவந்த பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள். ஆங்கிலேயர் பின்வாங்கித் திருச்சி சேர்ந்தார்கள். அது நிச்சயம் நிதான ஓட்டமாக இருந்திருக்காது.

குதிரையின் கதியை ஐந்தாகப் பிரிப்பது நம் பழைய மரபு. அதில் மயூரகதி மயிலின் நடை. வானரகதி குரங்கின் நடை, வாலியின் இனத்துக்கு உரியது. ஆனால் இவை ஏட்டுச் சொற்கள். கேன்ட்டருக்கு வாய்ச்சொல் என்றால் தொங்கோட்டம். தொங்கு, ஓட்டம் இரண்டும் சேர்ந்தது. கால்கள் அந்தரத்தில் நிற்கும் அந்தக் கணத்தைப் பார்த்துத்தான் ‘தொங்கு’ என்றார்களோ என்பது என் ஊகம்.

மனிதருக்கும் இந்தச் சொல் பொருந்தும். பெருநடை என்பது எட்டிப்போட்டு விரைந்து நடப்பது. அதைத் தாண்டினால் தொங்கோட்டம். மூச்சு வாங்க அலைவதை ‘லொங்கு லொங்கென்று ஓடுகிறான்’ என்போம். அங்கே தொங்கோட்டம் என்று எழுதினால் தப்பு.