குடியிருக்க ஒரு வீடு



அல்லாஹ் மனிதனுக்கு வழங்கிய அருட்கொடைகளை எடுத்துரைக்கும் திருமறை, வீட்டையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்க்கிறது. வீடு என்பது மனிதன் அமைதி பெறும் இடம் என்பதே அந்நஹ்ல் அத்தியாயத்தின் 80ஆம் வசனம் உணர்த்தும் கருத்தாகும். அமைதி தராத இடம், நான்கு சுவர்கள் இருந்தாலும் வீடாகாது. இதனை விளங்கிக்கொள்ள நாம் தொலைவில் எங்கும் செல்ல வேண்டியதில்லை.

தோட்டனூத்து தரும் பாடம்

1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்த தமிழர்கள், தமிழகமெங்கும் முகாம்களில் தங்க வைக்கப்பட்டனர். சில காலத்திற்கென அமைக்கப்பட்ட குடியிருப்புகளில் பல குடும்பங்கள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாழ நேர்ந்தது. ஒரே சிறிய அறை. சமையல், உறக்கம், பிள்ளைகளின் படிப்பு, நோயாளியின் படுக்கை எல்லாம் அதற்குள்தான். பருவமடைந்த பெண் உடை மாற்றவும் மறைவிடம் இல்லாத நிலை.

முகாம்களில் பழுதடைந்த 7,469 வீடுகளுக்குப் பதிலாகப் புதிய வீடுகள் கட்டித்தரப்படும் என்று 2021ஆம் ஆண்டு தமிழக அரசு அறிவித்தது. அத்திட்டத்தின் கீழ், திண்டுக்கல்லை அடுத்த தோட்டனூத்தில் கட்டப்பட்ட 321 வீடுகள் 2022 செப்டம்பரில் திறக்கப்பட்டன. தோட்டனூத்து, அடியனூத்து, கோபால்பட்டி முகாம்களின் குடும்பங்களுக்கு உறுதியான கூரை கிடைத்தது.

வீடு எதை மாற்றுகிறது?

முதலாவது, உடல்நலம். மெக்சிகோவின் கோவாயிலா மாநிலத்தில் 2000ஆம் ஆண்டில் ஏழைகளின் மண் தரைகளுக்குச் சிமெண்டு பூசிக் கொடுத்தார்கள். ஆய்வாளர்கள் பின்னர் கணக்கெடுத்தபோது, குழந்தைகளிடம் குடற்புழுத் தொல்லையும் வயிற்றுப்போக்கும் இரத்தசோகையும் குறைந்திருந்தன. தாய்மார்களின் மனச்சோர்வும் தணிந்திருந்தது. தரை ஒன்று மாறியதற்கே இவ்வளவு பலன்!

இரண்டாவது, மானம். கதவும் கழிப்பறையும் உள்ள வீடு பெண்களின் கண்ணியத்திற்குக் காவலாகும்.

மூன்றாவது, வருமானம். வாடகை தாங்கும் அளவில் இருந்தால்தான் மீதிப் பணம் உணவுக்கும் கல்விக்கும் செல்லும். வாடகை உயர உயர, குடும்பம் முதலில் குறைப்பது பாலையும் பழத்தையும்தான். அடுத்துக் குறைவது பிள்ளையின் படிப்பு. அடிக்கடி வீடு மாறும் பிள்ளைக்குப் பள்ளியும் மாறுகிறது; நட்பும் அறுகிறது.

ஆயினும் வீடு மட்டுமே எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. அம்முகாம்களில் பிறந்து வளர்ந்தவர்களில் பலருக்கு இன்னும் இந்தியக் குடியுரிமை கிடைக்கவில்லை. கூரை உறுதியானது, எதிர்காலம் இன்னும் உறுதியாகவில்லை.

அன்சாரிகளின் வழி

அகதி என்ற சொல் நமக்குப் புதிதன்று. 1990 அக்டோபரில் இலங்கையின் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் ஓலைக் குடிசைகளில் பல்லாண்டுகள் வாழ்ந்தார்கள். அதற்கும் வெகுகாலம் முன்பு, மக்காவைத் துறந்து வந்த நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் முதலில் தங்கியது அபூ அய்யூப் அல்அன்சாரி (ரலி) அவர்களின் இல்லத்தில்தான். அன்சாரிகள் தங்கள் வீடுகளையே முஹாஜிர்களுடன் பகிர்ந்துகொண்டார்கள். தங்களுக்குத் தேவை இருந்தும் பிறரை முற்படுத்திய அவர்களது பண்பை அல்ஹஷ்ர் அத்தியாயம் புகழ்கிறது.

இன்று நாம் செய்யக் கூடியது என்ன? வீட்டை வாடகைக்கு விடுவோர் நியாயமான தொகையைக் கேட்கலாம். ஒப்பந்தத்தை எழுத்தில் வைக்கலாம். ஒழுகும் கூரையை மழைக்கு முன்பே சீர்செய்து கொடுக்கலாம். முன்பணத்தைத் திருப்பித் தருவதில் இழுத்தடிக்காமல் இருப்பதும் அமானிதத்தைப் பேணுவதே. வசதியுள்ளோர், தம் தெருவில் உள்ள ஒரு விதவையின் வீட்டிற்குத் தரையோ கழிப்பறையோ அமைத்துக் கொடுக்கலாம். உதவி பெறுபவர் எந்தச் சமயத்தவராயினும் அண்டை வீட்டாரின் உரிமை மாறாது.

வீடற்றோருக்கு வீட்டையும், வீடுடையோருக்கு இரக்கமுள்ள உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன்.